வைஃபையை நிறுத்திய கூட்டல் குறி

லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலைச் சொந்தமாகக் கம்பைல் செய்தவர்கள் ஹெட்டர் (டிரைவரும் புரோகிராம்களும் கட்டத் தேவைப்படும் விவரக் கோப்புகள்) விஷயத்தில் எங்கே மாட்டினீர்கள் என்று எழுதுங்கள். நானே ஆரம்பிக்கிறேன்.

என் மடிக்கணினியின் வைஃபை சிப்புக்குக் கெர்னலுக்குள் டிரைவர் கிடையாது. தனியாக சோர்ஸ் எடுத்து, மாட்யூலாக (ஓடும் கெர்னலில் சேர்க்கும் தனித் துண்டாக) கட்டி ஏற்ற வேண்டும். டெபியன் லினக்ஸின் கெர்னலில் இருந்தவரை அதற்குரிய ஹெட்டர் பேக்கேஜைப் போட்டாலே போதும். 6.6 கெர்னலை கிட்டிலிருந்து (சோர்ஸின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி) எடுத்து நானே கட்டியபோதும் முதல் தடவை எல்லாம் சரியாக வந்தது.

அப்புறம் டச்பேடுக்காக இரண்டு வரி திருத்தி கமிட் செய்தேன் (கிட்டில் பதிந்தேன்). அன்றைக்கே டிரைவரிலும் புதிய பதிப்பு வந்திருந்தது. கெர்னலை முழுதாகக் கட்ட நேரம் ஆகுமே என்று 'மேக் மாட்யூல்ஸ்_பிரிப்பேர்' (மாட்யூல் கட்டத் தேவையானதைத் தயார் செய்யும் கட்டளை) மட்டும் ஓட்டிவிட்டு டிரைவரைக் கட்டினேன். கட்டும்போது ஒரு எச்சரிக்கைகூட இல்லை. ஏற்றும்போது 'இன்வேலிட் மாட்யூல் ஃபார்மட்' என்று நின்றுவிட்டது. இரவு இரண்டு மணி வரை டிரைவர் கோடில்தான் தப்பைத் தேடிக்கொண்டிருந்தேன்.

கடைசியில் கெர்னல் லாக்கின் அந்த ஒரு வரியை நிதானமாகப் படித்தேன். மாட்யூலின் வெர்ஷன் மேஜிக் (எந்தக் கெர்னலுக்காகக் கட்டியது என்ற முத்திரை) '6.6.0+', இருக்க வேண்டியது '6.6.0'. ஒரே ஒரு கூட்டல் குறி! கிட்டில் பதிப்பின் டேக் (பெயர்க் குறி) இருக்கும் இடத்தைத் தாண்டி ஒரு கமிட் போட்டாலும் கெர்னல் தன் பெயரோடு + சேர்த்துக்கொள்ளும். நான் ஓட்டிய கட்டளை அந்தப் புதுப் பெயரை, கெர்னலின் பெயரை வைத்திருக்கும் யூடிஎஸ்ரிலீஸ் ஹெட்டரில் எழுதிவிட்டது. ஓடிக்கொண்டிருந்ததோ பழைய பெயருள்ள கெர்னல். மாட்வெர்ஷன்ஸை (பெயருக்குப் பதில் செக்சம் வைத்துப் பொருத்தம் பார்க்கும் வசதி) நான் அணைத்து வைத்திருந்ததால் பெயர் எழுத்துக்கு எழுத்து பொருந்தியாக வேண்டும்.

மேக் கட்டளையில் லோக்கல்வெர்ஷனை (கெர்னல் பெயரின் பின்னொட்டு) வெறுமையாகக் கொடுத்தால் + வராது. ஆனால் எனக்குப் பிடித்த வழி வேறு: ஒவ்வொரு தடவையும் லோக்கல்வெர்ஷனில் ஒரு தனிப் பெயர் கொடுத்து, 'மேக் பின்டெப்-பிகேஜி' ஓட்டுகிறேன். கெர்னலும் ஹெட்டரும் ஒரே பெயரில் ஜோடியாக டெப் கோப்புகளாக (டெபியன் பேக்கேஜ்களாக) வந்துவிடும்.

*

அண்ணா, உங்களுக்கு மாட்யூல் மட்டும்தான் போனது. எனக்கு சி புரோகிராம் எதுவுமே கம்பைல் ஆகாமல் போனது. பழைய வழிகாட்டி ஒன்றை நம்பி, 'யூஎஸ்ஆர்/இன்க்லூட்/லினக்ஸ்' ஃபோல்டரை நீக்கி, புது கெர்னல் சோர்ஸின் இன்க்லூடுக்கு சிம்லிங்க் (வேறு இடத்தைக் காட்டும் குறுக்குவழி) போட்டேன். அங்கே இருக்க வேண்டியவை ஜிலிப்சி (சி புரோகிராம்களின் அடிப்படை லைப்ரரி) கட்டப்பட்டபோது பயன்பட்ட ஹெட்டர்கள். ஓடும் கெர்னலோடு அவற்றுக்குச் சம்பந்தம் இல்லை. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2000-இலேயே இந்த சிம்லிங்க் வேண்டாம் என்று எழுதியிருக்கிறார். 2012-இல் வந்த 3.7 பதிப்பிலிருந்து யூசர் புரோகிராம்களுக்கான ஹெட்டர்களை 'யூஏபிஐ' என்று தனி ஃபோல்டர்களிலேயே பிரித்து வைத்துவிட்டார்கள். சிம்லிங்கை எடுத்துவிட்டு லினக்ஸ்-லிப்சி-டெவ் பேக்கேஜை மறுபடி போட்டதும் எல்லாம் சரியானது. இப்போது 'ஹெட்டர்ஸ்_இன்ஸ்டால்' ஓட்டினால் பாத்தைத் தனி ஃபோல்டருக்குக் கொடுத்துவிடுகிறேன்.

*

டிஸ்க் நிறைந்துவிட்டதே என்று கட்டி முடித்த சோர்ஸ் ஃபோல்டரை நான் அழித்துவிட்டேன். அடுத்த டிரைவர் அப்டேட்டில் டிகேஎம்எஸ் (மாட்யூல்களைத் தானாகக் கட்டும் கருவி) நின்றது. 'லிப்/மாட்யூல்ஸ்' உள்ளே எல்எஸ் போட்டுப் பார்த்தால் 'பில்ட்' என்ற சிம்லிங்க் சிவப்பாகத் தெரிகிறது. அது காட்டிய இடமே இல்லை. சோர்ஸை மறுபடி இறக்கி, 'பூட்' ஃபோல்டரில் இருந்த கெர்னல் கான்ஃபிக்கை வைத்து மாட்யூல்ஸ்_பிரிப்பேர் செய்தேன். செக்சம்கள் இருக்கும் மாட்யூல்.சிம்வெர்ஸ் கோப்பு அதில் உருவாகாது என்பது அப்போதுதான் தெரிந்தது. என் கெர்னலில் மாட்வெர்ஷன்ஸ் போட்டிருந்ததால் அந்தக் கோப்பு கட்டாயம் வேண்டும். முழுதாகக் கட்டத்தான் வேண்டியிருந்தது.

*

தம்பி, அடுத்த தடவை மேலே சொன்ன 'மேக் பின்டெப்-பிகேஜி' ஓட்டி, அதில் வரும் ஹெட்டர் டெப்பை மட்டும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சிம்வெர்ஸ் அதற்குள்ளேயே இருக்கும். சோர்ஸை அழித்தாலும் பரவாயில்லை.