புதுப்பிப்பு: அம்மாவுடன் மதுரை போய் வந்தாச்சு

கொடைக்கானலில் இருந்து அம்மாவை ஒரே ஒரு ராத்திரி தங்கலில் மதுரைக்குக் கூட்டிப்போகலாமா, வெயில் தாங்குவாரா என்று போன வாரம் கேட்டிருந்தேன். போய் வந்துவிட்டோம். யோசனை சொன்ன எல்லாருக்கும் நன்றி.

மலையிறங்கி வத்தலக்குண்டு வந்ததுமே ஸ்வெட்டர் பைக்குள் போய்விட்டது. மதியம் மீனாட்சி அம்மன் கோயில் நடை சாத்திவிடுவார்கள் என்று சொன்னீர்கள், அதனால் முதலில் திருமலை நாயக்கர் மகால். 1636-ல் கட்டியதில் கால் பங்குதான் இன்று மிச்சம். அதற்கே அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்தது. அம்மா ஒரு தூணைக் கட்டிப்பிடித்தார், பாதிகூடக் கைக்குள் வரவில்லை. மேலே உள்ள வளைவுகள் செங்கல், வேலைப்பாடெல்லாம் சுண்ணாம்புச் சாந்து என்றால் நம்பவே முடியவில்லை.

ஆனால் மனசில் நிற்பது கோயிலில் ராத்திரி சாமியைத் துயில வைக்கும் பள்ளியறை பூஜைதான். சொக்கநாதரின் பாதங்கள் பல்லக்கில் மீனாட்சி சந்நிதிக்குப் போகின்றன. சாம்பிராணிப் புகை, நாதஸ்வரம், கல்தரையின் குளிர்ச்சி. போன் வெளியே இருந்ததால் படம் இல்லை, அதுவும் நல்லதுதான். அம்மா கூப்பிய கையை இறக்கவே இல்லை.

அப்புறம், வெயில்? சமாளித்துவிட்டார். ஜிகர்தண்டா இரண்டு டம்ளர். வாழை இலையில் சுற்றி வாங்கி வந்த மல்லிகை இந்தக் கொடைக்கானல் குளிரில் இன்னும் வாடவில்லை.