'மெட்ச் ஃபண்டிங்': ஈட்டுநிதியா, உடன்பங்கா?

மட்டக்களப்பிலிருந்து:

குழுவினருக்கு வணக்கம்.

தொலைதீவுகளின் விறகுச்சக்தித் திட்டங்கள் பற்றிய கையேட்டின் தமிழாக்கத்தில், நிதி பற்றிய அத்தியாயத்துக்கு வந்திருக்கிறோம். 'மெட்ச் ஃபண்டிங்' என்பதற்கு வரைவில் 'ஈட்டுநிதி' என்று இருக்கிறது. இதைக் கட்டாயம் மாற்ற வேண்டும். எங்கள் பக்கத்தில் ஈடு என்றால் காணி ஈடு, நொத்தாரிசு எழுதும் ஈட்டுமுறி. படுவான்கரையில் ஒரு கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் '30 வீதம் ஈட்டுநிதி வேண்டும்' என்று வாசித்துப் பாருங்கள். சங்கக் காணியை வங்கிக்கு எழுதிக் கொடுக்கச் சொல்கிறார்கள் என்றுதான் சனம் எடுக்கும்.

பொருள் இதுதான்: நன்கொடை தருபவர் செலவு முழுவதையும் ஏற்கமாட்டார். ஒரு பகுதியைத் தருவார், மிச்சத்தைச் சமூகம் வேறு வழியில் சேர்க்க வேண்டும். அது அங்கத்தவர் பங்குக் காசாக இருக்கலாம், கடனாக இருக்கலாம், இன்னொரு கொடையாளர் தந்ததாகவும் இருக்கலாம். 'உடன்பங்கு' என்று வைப்போமா?

'விறகுச்சக்தி'யை 'விறகாற்றல்' என்று மாற்றலாமா எனக் கேட்டவருக்கு: எங்கள் பாடப்புத்தகங்களில் சக்தி (எனர்ஜி), வலு (பவர்) என்றே படிக்கிறோம். தமிழ்நாட்டில் ஆற்றல், திறன் என்பார்கள். 'திறன்' இங்கே வினைத்திறனோடு (எஃபிஷியன்சி) குழம்பும். 'விறகுச்சக்தி' இருக்கட்டும்.

அக்கரைப்பற்றிலிருந்து:

ஈட்டுநிதி வேண்டாம் என்பதில் எனக்கும் சம்மதம். 'சமபங்கு' என்று முன்பு எழுதியதையும் விட்டுவிடுவோம். பாதிக்குப் பாதி என்று எல்லாக் கொடையாளரும் கேட்பதில்லை. அதைவிட முக்கியம், இந்தப் பங்கு, செலவு மேலே போகும்போது ஒரு மாதிரியும் கீழே வரும்போது வேறு மாதிரியும் நடக்கும்.

திட்டச் செலவு 100 என்று வையுங்கள். கொடை 70, சங்கம் 30. வேலை முடிய 115 ஆகிவிட்டது. கொடைக் கடிதத்தில் உச்சத் தொகை எழுதியிருப்பதால் கொடை 70-இலேயே நிற்கும். சங்கத்தின் 30 இப்போது 45. செலவு கூடியது 15 வீதம், சங்கத்தின் சுமை கூடியது 50 வீதம். மறுபக்கம், செலவு 90-க்குக் குறைந்தால் கொடையையும் விகிதப்படி 63-ஆக வெட்டிவிடுவார்கள். 'சமம்' என்ற சொல் இந்த ஆபத்தை மறைக்கும்.

செலவு ஏன் ஏறுகிறது? விறகெரித்து வெந்நீர் தரும் கொதிகலனுக்கு மட்டும் விலை கேட்டு வரவுசெலவு போடுவதால். விறகுக்கட்டை எரிக்கும் கொதிகலனுக்கு ஒரு கிலோவாற்றுக்குக் குறைந்தது 50 லீற்றர் வெந்நீர்த் தாங்கி வைப்பது வழக்கம். 40 கிலோவாற்று என்றால் 2000 லீற்றர். அதற்குக் கொங்கிரீட் தளம், கூரை, குழாய். பிறகு காற்றோட்டமான விறகுக் கொட்டகை. தீவென்றால் படகுக் கூலியும் சேரும். குருமண்வெளித் துறையில் வாவியைக் கடக்கும் பாதைக்காக (மிதவைப் படகுக்காக) காத்து நிற்பவர்களுக்கு இது சொல்லி விளங்க வேண்டியதில்லை. எரிபொருளாகப் பாவிக்கும் மரச்சீவல் இடத்தைப் பிடிக்கும், பாரம் குறைவு. ஆகவே தீவுக்கு வெளியிலிருந்து சீவல் இறக்குவது நட்டம்.

வாழைச்சேனையிலிருந்து:

'உடன்பங்கு' நல்லது. ஆனால் தனியே நின்றால் போதாது. காசுப்பங்கு, உழைப்புப்பங்கு, பொருட்பங்கு என்று கிளைச் சொற்களையும் இப்போதே தீர்மானிப்போம். சங்கங்கள் விழுவது இந்த இடத்தில்தான்.

மேலே சொன்ன 30-இல் 20 சிரமதானம், 10 காசு என்று காட்டி அனுமதி கிடைத்துவிடுகிறது. கொதிகலன் விலை 60. விற்பவர் சிரமதானத்தை வாங்கமாட்டார். கொடையோ பல இடங்களில் பற்றுச்சீட்டைக் காட்டிய பிறகுதான் வரும். கையில் 10, கட்ட வேண்டியது 60. இடையில் 50-க்கு இடைக்காலக் கடன், அதன் வட்டி பெரும்பாலும் சங்கத்தின் தலையில். உழைப்புப்பங்குக்குத் திகதி, பெயர், வேலை, மணித்தியாலம், இரண்டு கையொப்பம் கொண்ட பதிவேடு வேண்டும். மணிக்கூலியை முன்கூட்டியே எழுத்தில் ஒத்துக்கொள்ள வேண்டும். கொடைக் கடிதம் வருமுன் செய்த வேலையைப் பொதுவாகக் கணக்கில் எடுக்கமாட்டார்கள்.

பொருட்பங்காக விறகு கொடுக்கும்போது தொன் கணக்கு மட்டும் எழுதக்கூடாது. வேலியில் நிற்கும் கிளிசிரிடியாவை (2005-இல் தேயிலை, இறப்பர், தென்னைக்கு அடுத்த நான்காவது பெருந்தோட்டப் பயிராக அறிவித்தது இதைத்தான்) வெட்டினவுடன் நிறுத்தால் ஏறத்தாழப் பாதி தண்ணீர். அந்த நிலையில் ஒரு கிலோ விறகு தருவது சுமார் 2.2 கிலோவாற்று மணி. 20 வீத ஈரத்துக்குக் காய்ந்தால் சுமார் 4. அளக்கும் முறை: குவியலின் பல இடங்களில் கட்டை எடுத்துப் பிளந்து, நடுப்பகுதியில் 500 கிராம் நிறுத்து, 105 பாகை செல்சியசில் நிறை மாறாமல் நிற்கும்வரை உலர்த்துங்கள். 250 கிராம் மிஞ்சினால் ஈரம் 50 வீதம். போன 250 கிராம் தண்ணீரை ஈரநிறைக்குப் பதிலாக உலர்நிறையால் வகுத்தால் 100 வீதம் வரும். எந்த அடிப்படை என்று ஒப்பந்தத்தில் எழுதாவிட்டால் சண்டைதான்.

இன்னொன்று. கையேட்டில் வரும் ஸ்கொட்லாந்துத் தீவுகளின் கணக்கில் ஒரு முடிச்சு இருக்கிறது. பிரித்தானியாவின் வெப்ப ஊக்குவிப்புத் திட்டம் வீடல்லாத கட்டடங்களுக்கு 2011 நவம்பரில் தொடங்கியது, 2021 மார்ச் 31 உடன் புதிய விண்ணப்பங்களுக்கு மூடப்பட்டது. சேர்ந்தவர்களுக்கு, உண்டாக்கிய வெப்பத்துக்கு 20 வருடம் காசு கொடுக்கும் திட்டம் அது. ஆனால் கொதிகலனை வாங்கவோ பொருத்தவோ அரச நன்கொடை எடுத்திருந்தால், அந்த நன்கொடையைத் திருப்பிக் கட்டாமல் திட்டத்தில் சேர முடியாதிருந்தது. கொதிகலனுக்குக் கடன், சாத்தியக்கூற்று ஆய்வுக்குக் கொடை என்று பிரிக்க வேண்டியிருந்தது அதனால்தான். உடன்பங்கின் மூலத்தைக் கேட்காமல் தொகையை மட்டும் பார்ப்பது எவ்வளவு பிழை என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. வரைவிலக்கணத்தில் 'மூலம்' வரவேண்டும்.

மட்டக்களப்பிலிருந்து:

இரண்டு பேருக்கும் நன்றி. சொற்கோவையில் இப்படிப் போடுகிறேன்:

உடன்பங்கு: ஒரு கொடையைப் பெறுவதற்காக, திட்டச் செலவின் மீதியில் சமூகம் கொண்டுவரும் பகுதி. காசுப்பங்கு, உழைப்புப்பங்கு, பொருட்பங்கு என மூவகை. ஒவ்வொன்றுக்கும் மூலமும் மதிப்பிட்ட முறையும் குறிக்கப்பட வேண்டும். கொடையின் உச்சத் தொகைக்கு மேல் ஏறும் செலவும் இதிலேயே சேரும்.

அடுத்தது 'ஷெயார் ஒஃபர்'. சங்கம் சனத்துக்குப் பங்கு விற்றுக் காசு சேர்ப்பது, பங்கு எவ்வளவு வாங்கினாலும் ஆளுக்கு ஒரு வாக்கு என்ற கூட்டுறவு முறையில் வருவது. 'பங்கு விற்பனை' என்றால் கம்பனிப் பங்கோடு குழம்பும். கூட்டுறவுச் சங்கங்களில் வேலை செய்தவர்கள் முதலில் எழுதுங்கள்.