கிளாஸ் கண்ணெதிரே இருக்கிறது, சர்வர் இல்லை என்கிறது

மருந்து மொத்த வியாபாரி ஒருவருக்காக பிஎச்பி மொழிக்கான லாரவெல் கட்டமைப்பில் எழுதிய பில்லிங் மென்பொருள் அது. மூன்று ஆண்டுகள் தொந்தரவில்லாமல் ஓடியது. ஒரு சனிக்கிழமை இரவு அதைப் புதிய சர்வருக்கு மாற்றினோம். பழையதும் லினக்ஸ், புதியதும் லினக்ஸ். நிரலில் ஒரு வரிகூடத் தொடவில்லை. முகப்புப் பக்கம் வந்தது, உள்ளே நுழையவும் முடிந்தது. பில் போடும் பொத்தானை அழுத்தியதும் 500 பிழை. லாக் கோப்பில் ஒரே வரி: இன்வாய்ஸ்சர்வீஸ் என்ற கிளாஸ் (நிரலின் ஒரு தனிப் பகுதி) கிடைக்கவில்லை.

கோப்பைத் திறந்தேன். கிளாஸ் அங்கேயே இருக்கிறது. நேம்ஸ்பேஸ் (கிளாஸ் பெயருக்கு முன்னால் வரும் குடும்பப் பெயர் போன்றது) சரி, பெயர் சரி, அழைக்கும் இடத்தில் யூஸ் வரியும் சரி. கம்போசர் என்பது பிஎச்பி நூலகங்களை நிறுவும் கருவி. கிளாஸ்களைத் தேடி ஏற்றும் ஆட்டோலோடரை மறுபடி உருவாக்கும் 'கம்போசர் டம்ப்-ஆட்டோலோடு' கட்டளையை நான்கு முறை ஓட்டினேன். கேஷ்களை அழித்தேன். நூலகங்கள் இருக்கும் வெண்டார் கோப்புறையையே நீக்கிவிட்டு மறுபடி நிறுவினேன். என் விண்டோஸ் மடிக்கணினியில் மட்டும் அதே நிரல் குறையில்லாமல் ஓடியது. மணி ஒன்றரை ஆகிவிட்டது.

ஐந்தாம் முறை ஓட்டியபோதுதான் திரையில் மேலே நகர்ந்துவிட்ட வரிகளை நிதானமாகப் படித்தேன். அந்தக் கிளாஸ், பெயரையும் கோப்பின் பாதையையும் இணைக்கும் பிஎஸ்ஆர்-4 முறைக்குப் பொருந்தவில்லை, அதனால் விட்டுவிடுகிறேன் என்று கம்போசர் ஒவ்வொரு முறையும் சொல்லியிருக்கிறது. கோப்பின் பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டேன். கிளாஸ் பெயரில் 'சர்வீஸ்' பெரிய 'எஸ்'ஸில் தொடங்குகிறது, கோப்பின் பெயரில் சிறிய 'எஸ்'. அவ்வளவுதான்.

பிழைச் செய்தி கிளாஸ் இல்லை என்கிறது. உண்மையில் ஆட்டோலோடர் தேடுவது கோப்பைத்தான். நேம்ஸ்பேஸின் முன்பகுதிக்கு ஒரு கோப்புறை, மீதிப் பெயர் அப்படியே பாதை, கடைசியில் பிஎச்பி என்ற பின்னொட்டு: பிஎஸ்ஆர்-4 சொல்வது இவ்வளவே. அந்தப் பாதையில் எழுத்து பெரியதா சிறியதா என்று விண்டோஸ் கவலைப்படாது. லினக்ஸுக்கு அவை இரண்டு வெவ்வேறு பெயர்கள்.

அப்படியானால் பழைய லினக்ஸ் சர்வரில் மூன்று ஆண்டுகள் எப்படி ஓடியது? இதற்கு விடை தெரியாமல் தூங்கப்போக எனக்கு மனம் வரவில்லை. பழைய சர்வரில் இருந்தது கம்போசர் 1. லாரவெல் திட்டத்தின் அமைப்புக் கோப்பிலேயே ஆட்டோலோடரை மேம்படுத்தும் தேர்வு உண்டு. அது எல்லாக் கோப்புகளையும் திறந்து படித்து, எந்தக் கிளாஸ் எந்தக் கோப்பில் என்று ஒரு பட்டியல் தயாரித்துவிடும். பட்டியலில் உண்மையான பாதையே இருந்ததால் பெயர்ப் பொருத்தத்துக்கு வேலையே வரவில்லை. 2020 அக்டோபரில் வெளிவந்த கம்போசர் 2, பொருந்தாதவற்றைப் பட்டியலில் சேர்ப்பதில்லை. புதிய சர்வரில் இருந்தது அதுதான். அதன் மேல் எனக்குக் கோபம் இல்லை. எங்கள் பிழையை மூன்று ஆண்டுகள் மூடிவைத்தது பழைய பதிப்பு, வெளியே கொண்டுவந்தது புதியது.

திருத்துவதும் எளிதாக முடியவில்லை. விண்டோஸில் கோப்பின் பெயரை மாற்றினேன். மாற்றம் ஏதுமில்லை என்றது, நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிவுசெய்யும் கிட். எழுத்தின் அளவு மட்டும் மாறினால் கண்டுகொள்ளாதபடி விண்டோஸில் அது தன்னை அமைத்துக்கொள்கிறது. 'கிட் எம்வி' கட்டளையால் மாற்றிய பிறகே பதிவாயிற்று. கோப்புறையின் பெயர் என்றால் முதலில் வேறொரு பெயருக்கு மாற்றி, அங்கிருந்து சரியான பெயருக்குக் கொண்டுவர வேண்டும்.

இதே போன்ற செய்தி வேறு காரணத்தாலும் வரும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். லாரவெல் 8-க்கு மாறியபோது என் தோழி ஒருத்திக்குக் கன்ட்ரோலர் (வரும் கோரிக்கையைக் கையாளும்) கிளாஸ் இல்லை என்றே வந்துகொண்டிருந்தது. அங்கே ஆட்டோலோடரில் குறையே இல்லை. எந்த இணைய முகவரிக்கு எந்தக் கன்ட்ரோலர் என்று சொல்லும் ரூட் கோப்பில் கன்ட்ரோலரின் வெறும் பெயருக்கு முன்னால் நேம்ஸ்பேஸை லாரவெல் தானாகச் சேர்ப்பது அந்தப் பதிப்பில் இயல்பாக இல்லை. முழுப் பெயரைக் கொடுத்ததும் சரியாகிவிட்டது.

இப்போதெல்லாம் இந்தப் பிழை வந்தால் நான் முதலில் திறப்பது வெண்டாருக்குள் கம்போசர் கோப்புறையில் இருக்கும் ஆட்டோலோடு கிளாஸ்மேப் கோப்பை. அதில் கிளாஸின் பெயர் இல்லையென்றால் பாதையை ஒரு தாளில் எழுதி, சர்வரில் இருக்கும் பெயரோடு ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிடுவேன். கம்போசர் 2-இல் 'ஸ்ட்ரிக்ட்-பிஎஸ்ஆர்' என்றொரு தேர்வு உண்டு. பெயர் பொருந்தாவிட்டால் கட்டளையே தோல்வியில் முடியும். அந்தத் திங்கட்கிழமையே அதை எங்கள் வெளியீட்டு நிரலில் சேர்த்தேன். அடுத்த வாரமே இன்னொரு கோப்பு அதில் பிடிபட்டது.