வலது கண் 14, இடது கண் 20: கிளாக்கோமா பற்றிய அனுபவங்கள்

68 வயதான என் அம்மாவைக் கண்புரைப் பரிசோதனைக்காக மதுரைக்கு அழைத்துச் சென்றிருந்தோம். கண் அழுத்தம் வலது கண்ணில் 14, இடது கண்ணில் 20 என்று சீட்டில் எழுதித் தந்தார்கள். 10 முதல் 21 வரை இயல்பு என்பதால், இரண்டும் வரம்புக்குள் இருக்கின்றன என்று நாங்கள் நிம்மதியாகவே இருந்தோம். மருத்துவர் மட்டும் அந்தச் சீட்டைக் கீழே வைக்கவில்லை. "தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் சரிதான். ஆனால், ஒருவருடைய இரண்டு கண்களுக்குள் இவ்வளவு வித்தியாசம் ஏன் வருகிறது என்று பார்த்துவிடலாம்" என்றார்.

சொட்டு மருந்து விட்டுக் கண்மணியை விரித்துப் பார்த்தபோது, பார்வை நரம்பு தொடங்கும் வட்டத்தின் நடுவில் உள்ள குழி, வலது கண்ணில் அந்த வட்டத்தின் உயரத்தில் 0.4 பங்காகவும், இடது கண்ணில் 0.7 பங்காகவும் இருந்தது. இந்த விகிதம் இரு கண்களுக்கும் இடையே 0.2க்கு மேல் வேறுபட்டால், பார்வை நரம்பு மெல்லச் சேதமடையும் நோயான கிளாக்கோமாவைச் சந்தேகிக்க வேண்டும் என்று விளக்கினார். வட்டமே ஒரு கண்ணில் பெரிதாக அமைந்திருந்தால் குழியும் இயல்பாகவே பெரிதாகத் தெரியும் என்பதால், அந்த அளவையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் முடிவுக்கு வந்தார். இடது கண்ணின் லென்ஸ் மீதும் கண்மணியின் விளிம்பிலும் சாம்பல் தூவியது போன்ற வெண்படிவு இருந்தது. சூடோஎக்ஸ்ஃபோலியேஷன் எனப்படும் இந்தப் படிவு பெரும்பாலும் முதலில் ஒரு கண்ணில்தான் தெரியும் என்றும், கண்ணுக்குள் ஊறும் நீர் வெளியேறும் வழியை அது அடைப்பதால் அழுத்தம் ஏறுகிறது என்றும் சொன்னார்.

இத்தனைக்கும் அம்மாவுக்குப் பார்வையில் ஒரு குறையும் தெரிந்திருக்கவில்லை. ஒரு கண் விடுவதை மற்றொன்று ஈடுகட்டிவிடுவதுதான் இந்த நோயில் என்னை மிகவும் அச்சுறுத்துகிறது. வலது கண்ணை மூடிவிட்டு, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்ன பரிசோதனையில், அம்மா நடுவில் கையை எடுத்துவிட்டு, "மெஷின் நின்னுபோச்சாம்மா?" என்று பரிசோதனை செய்த பெண்ணிடம் கேட்டார். மெஷின் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

*

மேலே எழுதிய சகோதரருக்கு வணக்கம். என் கணவருக்கும் ஒரு கண்ணில் மட்டுமே பாதிப்பு, காரணம்தான் வேறு. கல்லூரிக் காலத்தில் வலது கண்ணில் கிரிக்கெட் பந்து பட்டு, வீக்கம் வடிந்ததும் எல்லோரும் அதை மறந்துவிட்டார்கள். அடிபட்ட கண்ணில் நீர் வடியும் மூலை சிதைந்திருந்தால், பல ஆண்டுகள் கழித்தும் அழுத்தம் ஏறக்கூடும். மருத்துவர் டார்ச் வெளிச்சத்தை இடது கண்ணிலிருந்து வலது கண்ணுக்கு மாற்றியபோது, சுருங்கியே இருக்க வேண்டிய கண்மணி மெல்ல விரிந்ததை நானே பக்கத்தில் நின்று பார்த்தேன். அந்தக் கண்ணின் நரம்பு, மற்றதைவிடக் குறைவாகவே வெளிச்சத்தை உணர்கிறது என்பதற்கு அதுவே அடையாளமாம். ஒரு கண்ணுக்கு மட்டும் ஸ்டீராய்டு சொட்டு மருந்தை நீண்ட நாள் விட்டுக்கொண்டவர்களுக்கும் அந்தக் கண்ணில் மட்டும் அழுத்தம் ஏறலாம் என்பதால், மருந்துக் கடையில் தாமாகவே கேட்டு வாங்குபவர்கள் தயவுசெய்து நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

*

முதலில் எழுதியவன் மீண்டும் எழுதுகிறேன். வித்தியாசம் இல்லை என்றால் கவலை இல்லை என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். இரு கண்களும் ஒரே அளவில் பாதிக்கப்பட்டிருந்தால், சகோதரி சொன்ன டார்ச் பரிசோதனையில்கூட ஒன்றும் தெரியாது. பெற்றோருக்கோ உடன்பிறந்தவர்களுக்கோ கிளாக்கோமா இருந்தால் நமக்கும் அபாயம் கூடுதல் என்பதால், என் தம்பியையும் அழைத்துப் போய்க் காட்டினேன். அவனுக்கு இரண்டு கண்களிலும் அழுத்தம் 16தான். ஆனால் குழி இரண்டிலும் 0.7. கண்ணின் முன்புறம் உள்ள ஒளிபுகும் படலமான கருவிழியின் தடிமன் குறைவாக இருந்தால் அழுத்தம் உள்ளதைவிடக் குறைத்துக் காட்டும் என்று அதையும் அளந்திருக்கிறார்கள். அம்மாவுக்குச் செய்த அதே பொத்தான் அழுத்தும் பார்வைப் புலப் பரிசோதனைக்கு அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்கிறார்கள். முடிவு வந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.