வார்னிஷ் அடித்ததும் வெண்படலம் படிந்துவிட்டது, உருவங்களைக் காப்பாற்ற வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் இருக்கிறேன், வார்ஹாமர் என்ற மேசைப் போர் விளையாட்டின் சிறு பொம்மை உருவங்கள் தயாராகும் அதே ஊர். செப்டம்பர் கடைசியில் பொழுது சீக்கிரம் சாயத் தொடங்கியதும் ஒரு எலும்புக்கூட்டுப் படைக்கு வண்ணம் தீட்ட உட்கார்ந்தேன். மொத்தம் பத்துப் பேர். எலும்புக்கு வெளிர் மஞ்சள், இடுக்குகளில் பழுப்பு வாஷ் (நீர்த்த வண்ணம்), மேடுகளில் உலர்தூரிகை (வண்ணத்தைத் துடைத்த தூரிகையால் லேசாகத் தேய்ப்பது). மேலங்கிகளுக்குக் கருஞ்சிவப்பு. அந்தச் சிவப்புக்கு மட்டும் நான்கு மெல்லிய பூச்சு, ஆறு இரவுகள்.

போன ஞாயிறு தோட்டத்துக் கொட்டகையில் வைத்து மேட் (பளபளப்பில்லாத) வார்னிஷ் ஸ்ப்ரே அடித்தேன். அன்று காலையெல்லாம் தூறல். மறுநாள் பார்த்தால் மேலங்கிகள் மேல் மாவு தூவியதுபோல வெள்ளைப் படலம்! மனசே விட்டுப்போயிற்று. காற்றின் ஈரப்பதம்தான் காரணம் என்று நினைக்கிறேன். அப்புறம் மானி வைத்துப் பார்த்தேன், கொட்டகையில் 85 சதவீதம்.

ஒரு உருவத்துக்கு மட்டும் கிளாஸ் (பளபளப்பான) வார்னிஷைத் தூரிகையால் பூசிப் பார்த்தேன். சிவப்பு பெரும்பாலும் திரும்பி வந்தது, விலா எலும்பு இடுக்குகளில் இன்னும் வெளுப்பு இருக்கிறது. இரண்டாவது பூச்சு பூசலாமா? ஆலிவ் எண்ணெய் தடவினால் சரியாகும் என்கிறார்கள். செய்து பார்த்தவர்கள் யாராவது உண்டா? அதன்மேல் மறுபடி மேட் வார்னிஷ் ஒட்டுமா? ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் ஊறவைத்து எல்லாவற்றையும் உரிக்க மனம் வரவில்லை.

இன்னொன்று: மார்ச் வரை இங்கே இதே ஈரம்தான். வீட்டுக்குள் தூரிகையால் பூசும் பிரைமர் (வண்ணத்துக்கு முந்தைய அடிப்பூச்சு) பயன்படுத்துபவர்கள், உருவங்களின் பற்களும் விரல்களும் மூடிப்போகாமல் எப்படிப் பூசுகிறீர்கள்?