ஒன்ர்யோ: ‘பழிகொள் ஆவி’ என்று வைக்கலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

ஜப்பானியப் பேய்க்கதைச் சொற்களுக்குத் தமிழ் தேடுவதில் ‘ஒன்ர்யோ’ மட்டும் முடிவாகாமல் இழுத்துக்கொண்டே போகிறது. ‘பேய்’ போதும் என்று ஒருவர், ‘பழிவாங்கும் ஆவி’ என்று இன்னொருவர். இரண்டிலும் எனக்கு நிறைவு இல்லை.

‘பேய்’ சரிவராது. செத்தவரின் ஆவிக்கு அங்கே பொதுப்பெயர் யூரேய். ஆற்றுக்குள் ஆளை இழுக்கும் கப்பா போன்றவை யோகாய். அவை வேறு இனம். அநியாயத்துக்கு ஆளாகிச் செத்து, அந்த ஆற்றாமையோடு திரும்பி வரும் யூரேய்தான் ஒன்ர்யோ.

‘பழிவாங்கும் ஆவி’ பாதிக் கதையைத்தான் சொல்கிறது. சுகவாரா நோ மிச்சிசானே பெரிய அறிஞர், அமைச்சர். அரசரைக் கவிழ்க்கச் சதி செய்தார் என்று அவர்மேல் குற்றம் சாட்டி 901இல் கியூஷூவில் உள்ள தசைஃபூவுக்குத் துரத்தினார்கள். 903இல் அங்கேயே இறந்தார். அவருக்கு எதிராக நின்ற ஃபுஜிவாரா நோ தொகிஹிரா 909இல் இளவயதிலேயே போய்ச் சேர்ந்தார். 930இல் கியோத்தோ அரண்மனையில் இடி விழுந்து ஆட்கள் செத்தார்கள். எல்லாம் மிச்சிசானேயின் வேலை என்று ஊர் நடுங்கியது. முதலில் அவர் தலையில் பழி விழுந்தது. அவர் பழி வாங்கியது அப்புறம். இரண்டுக்கும் தமிழில் ‘பழி’ என்று ஒரே சொல் இருக்கிறதே, அதை விடலாமா?

ஹிமெஜி கோட்டையில் இன்றும் காட்டும் ஒகிகு கிணற்றின் கதையும் இப்படித்தான். பத்துத் தட்டில் ஒன்றைக் காணோம் என்று வேலைக்காரப் பெண்மேல் பழி போட்டு, கொன்று கிணற்றில் எறிந்தார்கள். ராத்திரியில் கிணற்றுக்குள்ளிருந்து அவள் எண்ணும் குரல் கேட்கும். ஒன்று, இரண்டு என்று ஒன்பது வரை வந்ததும் ஓர் அலறல்.

‘பழியாவி’ என்று முன்பு ஒரு யோசனை வந்தது. எனக்கும் பிடித்தது. ஆனால் இலக்கணப்படி பிரியாவிட்டாலும், அதைப் பழியா ஆவி என்றும் சிலர் எடுத்துக்கொள்ளலாம். யாரையும் பழிக்காத ஆவி என்று பொருள் தலைகீழாகிவிடும். அதனால்தான் ‘பழிகொள் ஆவி’. வினைத்தொகை என்பதால் பழி கொண்ட, கொள்கின்ற, கொள்ளும் என மூன்று காலமும் அடங்கும். ‘கொள்’ என்பதில் ஏற்பதும் உண்டு, எடுப்பதும் உண்டு.

இன்னொரு பெயர்பெற்ற ஒன்ர்யோவான தைரா நோ மசகாதோ உண்மையிலேயே அரசை எதிர்த்துக் கலகம் செய்தவர், அவர்மேல் ஏது பொய்ப்பழி என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 940இல் அவரைக் கொன்று, தலையைக் கியோத்தோவில் காட்சிக்கு வைத்தார்கள். அது கிழக்கே பறந்து வந்து விழுந்ததாகச் சொல்லும் இடம் இன்றைய தோக்கியோவின் ஓதெமாச்சியில், உயரமான அலுவலகக் கட்டடங்களுக்கு நடுவே இருக்கிறது. 1923 நிலநடுக்கத்துக்குப் பின் அந்த மேட்டைச் சமப்படுத்தி நிதியமைச்சகம் தற்காலிகக் கட்டடம் எழுப்பியது. 1926இல் நிதியமைச்சர் ஹயாமி செய்ஜி இறந்ததும் மசகாதோவின் பெயர்தான் அடிபட்டது. இங்கே இருப்பது உயிர்ப்பழி. அதுவும் நம் சொல்லுக்குள் வருகிறது.

இதோடு சேர்ந்த ‘கொர்யோ’வையும் முடித்துவிடலாம். வழிபட்டு ஆற்றிய ஒன்ர்யோதான் கொர்யோ. 863இல் கொள்ளைநோய் பரவியபோது, அரசியலில் வீழ்த்தப்பட்டு மாண்ட ஆறு பேரின் ஆவிகளுக்கு அரசவையே கியோத்தோவில் விழா எடுத்தது. ‘கொ’ மரியாதை முன்னொட்டு, அதனால் ‘திருவாவி’ நேராகப் பொருந்தும். ஆனால் படிப்பவருக்குத் தேவாலயம்தான் நினைவுக்கு வரும். ‘தணியாவி’ என்றால் தணியாத ஆவி என்று கேட்கும். ‘வழிபடு ஆவி’ என்று பிரித்தே எழுதுவோம். சேர்த்தால் ‘வழிபடாவி’ ஆகி, வழிபடாத ஆவி என்று அதுவும் கெடும்.

வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்: “903க்குப் பின் பழிகொள் ஆவியாக அஞ்சப்பட்ட மிச்சிசானேக்கு 947இல் கியோத்தோவின் கித்தானோவில் கோயில் எழுந்தது, இன்று தேர்வு எழுதும் பிள்ளைகள் கும்பிடும் வழிபடு ஆவி அவர்.” ஓசையும் ஒத்துப்போகிறது.

பேய் உலவும் இடங்களை அவர்கள் ‘ஷின்ரேய் சுபோத்தோ’ என்கிறார்கள். அதற்குப் புதுச்சொல் வேண்டாம், ‘பேய் உலவும் இடம்’ என்றே இருக்கட்டும்.