கைபேசியில் நகலெடுத்து ஒட்டி வரைந்தபோது நேர்ந்தவை: உறுப்பினர் அனுபவங்கள்

தொடக்கப் பகிர்வு (கோலம் வரைபவர்)

அனைவருக்கும் வணக்கம். மார்கழிக்காகக் கோலங்களைக் கைபேசியிலேயே வரைந்து, உறவினர்களுக்கு நாளொன்றுக்கு ஒன்றாக அனுப்பும் பழக்கம் எனக்கு மூன்று ஆண்டுகளாக உண்டு. காகிதத்தில் போடும்போது தெரியாத ஒரு சிக்கல் கைபேசியில் வந்து நின்றது. அது கோடு இழுப்பதில் வந்த சிக்கலன்று. ஒரு முறை வரைந்ததை நகலெடுத்து மறு இடத்தில் ஒட்டுவதில் வந்தது.

நான் எடுத்துக்கொண்டது 15 புள்ளி, 8 வரை, இடைப்புள்ளிக் கோலம். நடு வரிசையில் 15, அதற்கு மேலும் கீழும் 14, 13 என்று குறைந்து 8இல் நிற்கும். கூட்டினால் 169 புள்ளிகள். முதல் முறை ஒரு புள்ளியை வைத்து, அதை நகலெடுத்து, விரலால் நகர்த்தி, மீண்டும் ஒட்டி என்று ஒவ்வொன்றாகச் சென்றேன். ஒவ்வொரு முறையும் விரல் ஓரிரு பிக்சல் பிசகியது; அந்தப் பிசகு அடுத்த புள்ளியோடு சேர்ந்துகொண்டே போனதால், வரிசையின் கடைசிப் புள்ளி தன் இடத்திலிருந்து ஏறக்குறைய அரைப் புள்ளி தள்ளி நின்றது. வாசலில் அது பெரிய குற்றமில்லை, கண் சரிசெய்துகொள்ளும். திரையில் பெரிதாக்கிப் பார்த்தால் பல் விழுந்த சீப்பைப் போல இருந்தது.

பிறகு வழியை மாற்றினேன். ஒரு புள்ளியை ஒட்டி இரண்டாக்கி, இரண்டையும் ஒரே லேயராக (ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கண்ணாடித்தாள் போன்ற அடுக்கு) இணைத்து நான்காக்கி, எட்டாக்கி, பதினாறாக்கி, மிகையான ஒன்றை அழித்தேன். நான்கே ஒட்டுகளில் நடு வரிசை முடிந்துவிட்டது. புள்ளிகளுக்கிடையே 120 பிக்சல் என்று வைத்தால், அறுகோணம் கோணாமல் வர வரிசைகளுக்கிடையே 104 பிக்சல் வேண்டும் என்று கணக்கிட்டு, அந்த இடைவெளியில் மெல்லிய நீலக் கோடுகளைத் தனி லேயரில் முன்னதாகவே இழுத்து வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு வரிசையையும் நகலெடுத்து, புள்ளி இடைவெளியில் பாதி வலப்பக்கம் தள்ளி மேலே ஒட்டி, ஓரப் புள்ளியை அழித்தால் அடுத்த வரிசை கிடைக்கும். அப்படி ஏழு வரிசைகளை ஏற்றியபின் அவற்றை இணைத்து, தலைகீழாகத் திருப்பி ஒரே ஒட்டாகக் கீழே வைத்தேன். ஆக 168 முறை ஒட்ட வேண்டிய வேலை 12 முறையில் முடிந்தது. இடையில் லேயர்களை இணைக்காமல் விட்டிருந்தால் என் பழைய கைபேசி மூச்சுத் திணறியிருக்கும். ஒவ்வொரு ஒட்டும் ஒரு புதிய லேயரை உண்டாக்குகிறது, கேன்வாஸ் பெரிதாகப் பெரிதாக நாம் வைத்துக்கொள்ளக்கூடிய லேயர்களின் எண்ணிக்கை குறைந்துகொண்டே வருகிறது.

உண்மையான தவறு அதற்குப் பின்னர்தான் நேர்ந்தது. நடுவில் ஒரு தாமரை இதழ்க்கொத்தை வரைந்து, அதை 60 பாகைக்கு ஒன்றாகச் சுழற்றி ஆறு இடங்களில் அமைத்தேன். கோடு அடைத்த இடத்தை நிறத்தால் நிரப்பும் வண்ணவாளியை எடுத்து முதல் இதழில் இளஞ்சிவப்பை ஊற்றியதும் கோலம் முழுவதும், புள்ளிகளின் இடைவெளிகள் உட்பட, இளஞ்சிவப்பாகிவிட்டது. பெரிதாக்கித் தேடியபோது இதழின் காம்பருகே மூன்று பிக்சல் அகலத்தில் ஒரு திறப்பு இருந்தது. என் விரல் அங்கே கோட்டை முடிக்காமலே எழும்பியிருக்கிறது. ஒன்றில் இருந்த திறப்பு ஆறிலும் இருந்தது. மூலத்தை ஒரு முறை அடைத்துவிட்டு மீண்டும் ஒட்டியிருக்கலாம். ஆனால் எல்லாவற்றையும் இணைத்துவிட்டிருந்ததால் மூலம் என்று தனியாக எதுவும் மிஞ்சவில்லை. ஆறு இடங்களையும் கையால்தான் அடைத்தேன். உங்களுக்கும் இப்படி ஏதேனும் நேர்ந்திருந்தால் எழுதுங்கள்.

மறுமொழி (அழைப்பிதழ் வடிவமைப்பவர்)

சகோதரி, உங்கள் திறப்பு பரவாயில்லை. எனக்கு நேர்ந்தது பிள்ளையாருடைய விஷயம். ஒரு திருமண அழைப்பிதழில் இடப்பக்கம் தமிழும் வலப்பக்கம் ஆங்கிலமும் வருவதால், இரு பக்கத் தலைப்பிலும் பிள்ளையார் எழுத்தை நோக்கி அமர்ந்திருக்க வேண்டும் என்று விரும்பினேன். இடப்பக்கத்துக்கு வரைந்ததை லாசோ என்னும் தேர்வுக் கருவியால் வளைத்து, நகலெடுத்து, கிடைமட்டமாகத் திருப்பி வலப்பக்கத்தில் ஒட்டினேன். குத்துவிளக்கும் வாழைமரமும் திருப்பினாலும் அப்படியேதான் இருக்கும் என்பதால் எனக்கு எந்த ஐயமும் எழவில்லை.

மாதிரியைப் பார்த்த மணமகளின் பெரியப்பா, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "தம்பி, இந்தப் பக்கம் இடம்புரி, அந்தப் பக்கம் வலம்புரியா?" என்று கேட்டார். துதிக்கை திரும்பும் திசை மாறிவிட்டிருந்தது. வலம்புரி விநாயகருக்கு ஆசாரம் மிகுதி, அழைப்பிதழைக் கண்ட இடத்தில் போடுவார்களே என்று அவர் தயங்கியதில் நியாயம் இருந்தது. அதைவிட எனக்கு வெட்கமாக இருந்தது வேறொன்று: பீடத்தின் மேல் எழுதிய பிள்ளையார் சுழியும் அதே லேயரில் இருந்ததால் அந்த 'உ'வும் கண்ணாடியில் பார்ப்பது போலப் புரண்டு கிடந்தது. எழுத்தை நான்கு பேர் பார்த்தோம், ஒருவர் கண்ணிலும் படவில்லை.

அச்சுக்குப் போகுமுன் பிடிபட்டதால் தப்பித்தேன். இப்போது எழுத்து, துதிக்கை, கையிலுள்ள ஆயுதம், புடவையின் முந்தானை ஆகியவற்றைத் தனித்தனி லேயர்களில் வைத்திருந்து, உருவத்தைத் திருப்பிய பின் அவற்றை மட்டும் மறுபடி வரைகிறேன். முந்தானை இடத்தோளில் விழும் பெண்ணைத் திருப்பி ஒட்டிப் பாருங்கள். எங்கே தவறு என்று சொல்லத் தெரியாவிட்டாலும் நம் வீட்டுப் பெண்கள் உடனே முகம் சுளிப்பார்கள்.

மறுமொழி (பணி ஓய்வு பெற்ற ஆசிரியர்)

பேரனுக்காக வரையத் தொடங்கியவன் நான். மயிலை நகலெடுத்து ஒட்டினால் நிறம் மட்டும் வந்தது, கோட்டைக் காணோம். கோடு ஒரு லேயரிலும் நிறம் மற்றொன்றிலும் இருந்திருக்கின்றன. நகல் என்பது அப்போது தொட்டிருக்கும் லேயரை மட்டுமே எடுக்கும் என்று அறிய எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. புரோகிரியேட் என்ற வரைதல் செயலியில் மூன்று விரல்களைக் கீழ்நோக்கி இழுத்தால் வரும் பட்டியலில், கண்ணுக்குத் தெரியும் அனைத்தையும் சேர்த்து நகலெடுக்கத் தனிக் கட்டளை உண்டு என்று பேரன்தான் காட்டினான். ஐபோனில் 2009ஆம் ஆண்டு ஜூன் வரை நகலெடுத்து ஒட்டும் வசதியே கிடையாது என்று சொன்னால் அவன் நம்ப மறுக்கிறான்.

கோலம் வரையும் அம்மையாரிடம் ஒரு கேள்வி: 60 பாகை சுழற்றிய இதழ்களின் கோடு, மூல இதழின் கோட்டைவிட மங்கலாகத் தெரிகிறதா, அல்லது என் கண்ணின் கோளாறா?

மறுமொழி (ஆரி வேலைப்பாடு வரைபவர்)

ரவிக்கைக் கழுத்துக்கும் கைக்கும் ஆரி வேலைப்பாட்டு (கொக்கி ஊசியால் செய்யும் பூத்தையல்) வரைபடங்கள் தயாரிப்பது என் தொழில். ஒரு மாங்காய் வடிவத்துக்குள் மயில் கழுத்தை வளைத்து, அதைச் சுற்றி மணி தைக்க வேண்டிய இடங்களைப் புள்ளிகளாக இட்டு, அந்த ஒரே மாங்காயைக் கழுத்தைச் சுற்றி எட்டு முறை ஒட்டி ஒன்பதாக்குவேன். சென்ற ஆண்டு ஒன்றில், வால் வளைவில் ஒரு புள்ளி விடுபட்டுப்போனது. தைப்பவர் தாமாகவே அங்கே ஒரு மணி சேர்த்துக்கொண்டதால் யாருக்கும் தெரியவில்லை, நானும் திருத்தவில்லை.

சில மாதங்கள் கழித்து வேறோர் ஊரின் தையல் கடை விளம்பரத்தில் அதே மாங்காய் இருந்தது. நிறம் மாறியிருந்தது, கழுத்தின் அளவு மாறியிருந்தது, மயிலின் கொண்டையை நீட்டியிருந்தார்கள். அதிலிருந்த ஐந்து மாங்காயிலும் வால் வளைவில் ஒரு புள்ளி இல்லை. கேட்டதற்கு, "இணையத்தில் கிடந்ததை எடுத்தோம், எல்லோரும் வரைவதுதானே" என்று பதில் வந்தது. மாங்காய் எல்லோருக்கும் பொதுதான், அதை நான் மறுக்கவில்லை. அந்த விடுபட்ட புள்ளி எனக்கு மட்டுமே சொந்தம்.

சண்டை போடாமல் இரண்டு பொருள்களை அனுப்பினேன். ஒன்று, லேயர்கள் தெரியும்படி எடுத்த திரைப்பிடிப்பு (ஸ்கிரீன்ஷாட்). மற்றொன்று, வரையும்போது செயலியே பதிவு செய்துகொண்ட விரைவுக் காணொளி. ஐபிஸ்பெயிண்ட், புரோகிரியேட் இரண்டிலும் அந்த வசதி உண்டு. அதில் முதல் மாங்காய் கோடு கோடாக வளர்வதும், மற்ற எட்டும் ஒவ்வொன்றாகத் திடீரெனத் தோன்றி இடம் பிடிப்பதும் தெளிவாகத் தெரியும். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957இன்படி ஓவியத்துக்கான உரிமை வரைந்த கணத்திலேயே பிறக்கிறது, பதிவு கட்டாயமில்லை என்பதையும் ஒரு வரியில் எழுதினேன். மறுநாள் விளம்பரம் நீங்கியது, மன்னிப்பு வரவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நானே என் பழைய வேலையிலிருந்து எடுத்து ஒட்டும்போது வாட்ஸ்அப்பில் வந்த படத்திலிருந்து எடுப்பதில்லை. அங்கே படம் ஜேபெக்காகச் சுருங்கி, வெறுமையாக இருக்க வேண்டிய பின்புலம் நிரம்பிவிடுகிறது. லாசோவால் வெட்டினால் ஓரத்தில் வெள்ளைத் தூசி ஒட்டிக்கொண்டே வரும். வெறுமையை அப்படியே காக்கும் பிஎன்ஜி படமாகச் சேமித்து, ஆவணமாக அனுப்பினால் அந்தத் தொல்லை இல்லை.

தொடங்கியவரின் மறுமொழி

ஐயா, உங்கள் கண்ணில் கோளாறு இல்லை. 90, 180 பாகைகளில் சுழற்றினால் ஒவ்வொரு பிக்சலும் அப்படியே இடம் மாறி அமர்ந்துவிடும். 60இல் பழைய பிக்சல்கள் புதிய கட்டங்களுக்குள் பொருந்தாததால் செயலி பக்கத்து நிறங்களைக் கலந்து இட்டு நிரப்புகிறது, கோட்டின் ஓரம் கசிந்தாற்போல் ஆகிவிடுகிறது. நான் செய்த பெரிய பிழை, சுழற்றிய இதழையே மறுபடி நகலெடுத்து அடுத்ததற்குச் சுழற்றியதுதான். ஆறாவது இதழ் ஐந்து முறை கசிந்திருந்தது. இப்போது தொடாத மூலம் ஒன்றைக் கண்ணுக்குத் தெரியாமல் மறைத்த லேயரில் வைத்துக்கொண்டு, அதிலிருந்தே 60, 120, 180 என்று எடுக்கிறேன். முதலிலேயே இரு மடங்கு அளவில் வரைந்து கடைசியில் சுருக்கினால் அந்தக் கசிவும் பெரும்பாலும் மறைகிறது.

திருத்திய கோலத்தை மார்கழி முதல் நாள் வாசலில் போட்டேன். அங்கே ஒட்டுவதற்கு வழியில்லை, புள்ளிகளைக் கையால்தான் வைத்தேன். அம்மா எண்ணிப் பார்த்துவிட்டு 170 என்றார்.